வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்ய மேக்கா, விண்டோஸா? கையில் 4000 வெள்ளி

செந்தூல்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து பக்திப் பாட்டு நாலைந்து பதிவு செய்யலாம் என்று இருக்கிறோம். அவன் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான், நான் பாடுவேன், ஆர்மோனியம் வாசிப்பவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், அவர் தன் பங்கை அங்கேயே வாசித்து அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். இதுவரை எல்லாம் கைப்பேசியில்தான் பதிவு செய்தோம், கேட்டால் உறுமி மட்டும் இரைகிறது, குரல் எங்கோ கிணற்றுக்குள் இருக்கிறது.

கையில் 4000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. கம்ப்யூட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இரண்டும் அதற்குள் வர வேண்டும். மைக் இருக்கிறது, குழுவின் எஸ்எம்58. வீட்டில் 2017-இல் வாங்கிய லேப்டாப் ஒன்றும் இருக்கிறது, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10, திறக்கவே நேரம் எடுக்கும்.

ஆளுக்கு ஒன்று சொல்லி மண்டை காய்ந்துவிட்டது. கூட வேலை செய்யும் நண்பர் மேக் இல்லாமல் ரெக்கார்டிங் பக்கமே போகாதே என்கிறார். லோ யாட்டில் விசாரித்தால் கடைக்காரர் நேராக கேமிங் லேப்டாப்பைக் காட்டி, இதில் எல்லாம் ஓடும் பாஸ் என்கிறார். இன்னொருவர் லினக்ஸ் இலவசம் என்கிறார். எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் சொன்னால் புரிந்துகொள்வேன். எதை வாங்குவது, ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?


பிஜே_மிக்ஸிங்:

மேக். காரணம் சொல்கிறேன்.

ஒலிக்கான அடிப்படை வேலையை மேக்கின் இயங்குதளமே கோர் ஆடியோ என்ற பெயரில் தனக்குள் வைத்திருக்கிறது. பெரும்பாலான யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்களை மாட்டினால் டிரைவர் (சாதனத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்) எதுவும் போடாமலே வேலை செய்யும். விண்டோஸில் அப்படி இல்லை, அதன் வழக்கமான ஒலிப்பாதை பாட்டு கேட்கவும் வீடியோ பார்க்கவும் செய்தது, பாடிக்கொண்டே கேட்பதற்கு அது தாமதம். அதைச் சுற்றிப் போகத்தான் ஸ்டைன்பெர்க் என்ற ஜெர்மன் கம்பெனி 1997-இல் ஏஎஸ்ஐஓ என்ற வழியைக் கொண்டுவந்தது, இன்று வரை விண்டோஸில் ரெக்கார்ட் செய்கிறவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். இன்டர்ஃபேஸ் தயாரித்தவன் அந்த டிரைவரை நன்றாக எழுதியிருந்தால் உங்களுக்கு யோகம், இல்லையென்றால் படாத பாடு.

தாமதம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஒலியைக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாக வாங்கும், அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக அளக்கும்போது, பஃபரை 128 சாம்பிள் வைத்தால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட், 1024 வைத்தால் 21 மில்லிசெகண்ட். போய் வர இரண்டு பக்கம், அதற்கு மேல் இன்டர்ஃபேஸ் எடுக்கும் நேரம் வேறு. 40 மில்லிசெகண்டுக்கு மேல் தள்ளி உங்கள் குரலே ஹெட்ஃபோனில் திரும்பி வந்தால் தாளத்தில் பாடவே முடியாது. சின்ன பஃபரிலும் தடங்கல் இல்லாமல் ஓடுவதில் மேக்கை நம்பலாம்.

கூடவே கராஜ்பேண்ட் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் இலவசமாக வருகிறது. பிறகு அதன் பெரிய அண்ணனான லாஜிக்குக்குப் போகலாம், ஒரு தடவைதான் காசு. ஆனால் லாஜிக் விண்டோஸில் ஓடாது. எமாஜிக் என்ற கம்பெனியிடம் இருந்தபோது விண்டோஸிலும் இருந்தது, 2002-இல் ஆப்பிள் வாங்கியதும் விண்டோஸ் கதவை மூடிவிட்டார்கள்.

எம்4 சிப் உள்ள மேக் மினியைப் பாருங்கள், திரை இல்லாத சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர், அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம். ரேமை வாங்கிய பிறகு கூட்ட முடியாது, அதனால் பழைய 8 ஜிபி மேக் மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம். உள் சேமிப்பிடத்துக்கு ஆப்பிள் கேட்கும் காசில் பாதிக்கும் குறைவாக வெளியே மாட்டும் எஸ்எஸ்டி கிடைக்கும், பதிவுக்கு அது தாராளம். மானிட்டரும் கீபோர்டும் வீட்டில் இருந்தால் இன்டர்ஃபேஸுக்கும் காசு மிஞ்சும்.


பாகான்_பையன்:

அண்ணன் சொன்ன கோர் ஆடியோ கதை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸ் பற்றிச் சொன்னதில் பாதி பழைய கதை. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற பொது முறைக்கு விண்டோஸில் சொந்த டிரைவர் 2017-லேயே வந்துவிட்டது. ஏஎஸ்ஐஓ டிரைவரும் பேர் பெற்ற கம்பெனிகள் எல்லாம் ஒழுங்காகத்தான் தருகின்றன. பிரச்சினை வருவது மிக மலிவான இன்டர்ஃபேஸ்களில், சொந்த டிரைவரே இல்லாமல் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டுக்கொள் என்று விட்டுவிடுவார்கள். வாங்கும் முன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கு ஏஎஸ்ஐஓ டிரைவர் இருக்கிறதா, அது எந்த வருடத்துடையது என்று பாருங்கள். கம்ப்யூட்டர் எது என்பதை விட எனக்கு இதுதான் முதல் கேள்வி.

இப்போது கடைக்காரர் காட்டிய கேமிங் லேப்டாப். வேண்டாம். வேகம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் கட்டும் காசில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது, பாட்டுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. அந்தக் கார்டின் டிரைவர், வைஃபை டிரைவர், பேட்டரியைக் கவனிக்கும் டிரைவர், இவை நடுவில் புகுந்து சிபியுவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டால் பதிவில் டிக் டிக் என்று வெடிப்புச் சத்தம் விழும். லேட்டன்சிமான் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதைக் கால் மணி நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் தொல்லை கொடுக்கிறது என்று பெயரோடு சொல்லும். பல சமயம் ரெக்கார்ட் செய்யும்போது வைஃபையை அணைத்து, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்தாலே சரியாகிவிடும்.

சத்தம் இன்னொரு விஷயம். நம் ஊரில் மைக்கைத் திறந்தால் ஏர்கோனை அணைக்க வேண்டும், சீலிங் ஃபேனை அணைக்க வேண்டும். அறை சூடாகும், லேப்டாப்பும் சூடாகும், அதன் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும், அதுவும் மைக்குக்கு இரண்டடி தள்ளி. கேமிங் லேப்டாப் ஃபேன் சத்தம் கேட்டிருக்கிறீர்களா, உறுமிக்கே போட்டி. இந்த ஒரு காரணத்துக்காக ஃபேனே இல்லாத மேக்புக் ஏரை நானே சிபாரிசு செய்வேன், விண்டோஸ் ஆள் சொல்கிறேன் பாருங்கள். சூட்டில் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் குரல் பதிவுக்கு அந்தக் குறைந்த வேகமே போதும்.

விண்டோஸ் என்றால் அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்பேட் மாதிரி லேப்டாப், 16 ஜிபி ரேம், இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு. அதற்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கான ஆதரவுப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். கேக்வாக்கும் உண்டு, நம் பக்கத்து ஊர் சிங்கப்பூரின் பேண்ட்லேப் 2018-இல் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது, விண்டோஸுக்கு மட்டும்.


ஜெலுத்தோங்_பென்குயின்:

லினக்ஸ் பெயர் அடிபட்டதால் எட்டிப் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

உபுண்டு ஸ்டூடியோ போட்டால் ரெக்கார்டிங்குக்குத் தேவையானது எல்லாம் கூடவே வரும், ஆர்டர் (Ardour) என்ற ரெக்கார்டிங் மென்பொருளும் அதில் இருக்கிறது, ரீப்பருக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. டிரைவர் வேண்டாத கிளாஸ் கம்ப்ளையன்ட் இன்டர்ஃபேஸ் மாட்டினால் ஓடும். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10-ஐ விட இது சுறுசுறுப்பாக இருக்கும்.

ஆனால் எச்சரிக்கை. சில இன்டர்ஃபேஸ்களில் உள்ளே இருக்கும் மிக்சரைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் மேக், விண்டோஸுக்கு மட்டும்தான் வரும். கான்டாக்ட் என்ற மென்பொருளில் ஓடும் கம்ப்யூட்டர் வாத்தியங்கள் வேண்டுமென்றால் அது லினக்ஸுக்கு அதிகாரபூர்வமாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இதில் இறங்கினால் பாட்டை விட்டுவிட்டு டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு இது முதல் தேர்வு இல்லை.


சுருதி_அக்கா:

தம்பி, நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன், மாணவர்கள் பாடுவதை வீட்டிலேயே பதிவு செய்து கொடுப்பதும் உண்டு. தொழில்நுட்பம் இவர்கள் சொன்ன அளவுக்குத் தெரியாது. பாடுகிறவர் பக்கத்திலிருந்து சிலது சொல்கிறேன்.

இந்தத் தாமதப் பிரச்சினைக்கு இவ்வளவு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அநேகமாக எல்லா இன்டர்ஃபேஸிலும் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ திருகியோ இருக்கும். அதைப் போட்டால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் காதுக்கு வரும். மேக்கோ விண்டோஸோ, அப்போது தாமதம் ஒரு பொருட்டே இல்லை, பஃபரைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பாடலாம். என்ன, எதிரொலி சேர்த்துக் கேட்க முடியாது, வெறும் குரல்தான் கேட்கும். சிலருக்கு எதிரொலி இல்லாமல் பாட வராது, அது பழக்கம். ஒரு காதில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பாடிப் பாருங்கள், சுருதி விலகாது.

தம்பூரா ஒலியையும் குரலோடு ஒரே மைக்கில் பதிவு செய்யாதீர்கள். அது ஹெட்ஃபோனில் மட்டும் ஓட வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஒரு வரியை வெட்டி ஒட்டினால் தம்பூரா துள்ளும்.

அப்புறம் கரண்ட். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஒரு உம்ம்ம் சத்தம் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த உம்மும் அதன் மடங்குகளும்தான் அது. பேட்டரியில் ஓட்டினால் நின்றுவிடும். சாயங்காலம் இடி இடிக்கும் நேரத்தில் இங்கே யாரும் பிளக்கில் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். இந்த இரண்டுக்காகவே நான் பெட்டிக் கம்ப்யூட்டரை விட லேப்டாப் என்பேன். மினி நல்லதுதான், ஆனால் கரண்ட் போனால் பாதிப் பாட்டும் போய்விடும், யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

எது வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில், ராத்திரி பத்து மணிக்கு சத்தம் வரவில்லை என்று நீங்கள் யாருக்குப் போன் செய்வீர்களோ அவர் வைத்திருப்பதை வாங்குங்கள்.


செந்தூல்காரன்:

அக்கா சொன்ன கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், நான் போன் செய்யப்போவது பட்டர்வொர்த் ஆர்மோனியம் அண்ணனுக்குத்தான், அவர் விண்டோஸ்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, நான் மேக் வாங்கினால் அவர் அனுப்புவது இதில் திறக்குமா? இரண்டு, உறுமி, தவில், ஜால்ரா எல்லாம் தனித்தனியாக வாசித்தால் ஓட்டம் வராது என்கிறான் சித்தப்பா மகன், ஒரே நேரத்தில் வாசித்தால்தான் வேகம் ஏறுமாம். ஆறேழு பேர், அத்தனை மைக். பழைய லேப்டாப் இதைத் தாங்குமா, அல்லது இதற்காகவே புதிது வாங்க வேண்டுமா?


பிஜே_மிக்ஸிங்:

உறுமிக் குழுவையே ஒன்றாகப் பதிவு செய்வதா? இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மினி பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். செந்தூல் பிளாட்டில் ஆறு பேர் உறுமியும் தவிலும் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, எதிர் பிளாக்கே எழுந்து வரும். குழு பயிற்சி செய்யும் இடத்துக்குத்தான் சாமானைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆக லேப்டாப், பேச்சு முடிந்தது.

உங்கள் மூத்த லேப்டாப் தாங்கும். பதிவு செய்வது ஒரு கம்ப்யூட்டருக்கு லேசான வேலை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் (ஒரு மைக்கின் தனிப் பதிவு) நொடிக்கு 144 கிலோபைட், எட்டு டிராக் சேர்த்தாலும் நொடிக்கு 1.2 மெகாபைட்டைத் தொடாது. ஐந்து நிமிடப் பாட்டுக்கு எட்டு டிராக் சுமார் 345 மெகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இதைத் தாங்கும், பஃபரை 1024-இல் வைத்துவிடுங்கள், அங்கே யாரும் கம்ப்யூட்டர் வழியாகத் தன் சத்தத்தைக் கேட்கப் போவதில்லை. கம்ப்யூட்டர் மூச்சு வாங்குவது பின்னால், மிக்ஸிங்கில் எதிரொலி, கம்ப்ரஸர் என்று ஒவ்வொரு டிராக்கிலும் ஏற்றும்போது.

மைக் உள்ளீடு எட்டு உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். பெரிங்கர் யுஎம்சி1820, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 இரண்டிலும் எட்டு மைக் ப்ரீஆம்ப் (மைக் சத்தத்தை உயர்த்தும் பகுதி) உண்டு, முதலாவது விலை குறைவு. ஆறு மைக் போதுமென்றால் ஜூம் எல்-8 பாருங்கள், கம்ப்யூட்டர் இல்லாமலே எஸ்டி கார்டில் தனித்தனி டிராக்காகப் பதிவாகும், வீட்டுக்கு வந்து யுஎஸ்பியில் மாட்டினால் அதுவே இன்டர்ஃபேஸ். செகண்ட் ஹேண்டில் ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு உள்ள இன்டர்ஃபேஸ் எட்டு சேனல் மலிவாக யாராவது விற்றால் வாங்காதீர்கள், புது மேக் இயங்குதளத்தில் ஃபயர்வயரையே எடுத்துவிட்டார்கள்.


பாகான்_பையன்:

பட்டர்வொர்த் அண்ணன் எங்கள் ஊர்க்காரர், அவருக்காகவாவது இதைச் சொல்ல வேண்டும்.

ப்ராஜெக்ட் ஃபைலை அப்படியே அனுப்பித் திறக்கப் பார்க்காதீர்கள். லாஜிக் ப்ராஜெக்ட் விண்டோஸில் திறக்காது, கேக்வாக் ப்ராஜெக்ட் மேக்கில் திறக்காது. இருவரும் ரீப்பர் வைத்திருந்தால் திறக்கும், ஆனால் ஒருவரிடம் இருக்கும் பிளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் குட்டி மென்பொருள்) மற்றவரிடம் இல்லையென்றால் அங்கே ஓட்டை விழும். WAV ஃபைலாக மாற்றி அனுப்புவதுதான் தொல்லை இல்லாத வழி. அது எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஆனால் மூன்று விஷயத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இருவரும் 48 கிலோஹெர்ட்ஸ், இருவரும் 24 பிட், ஆர்மோனியம் பாட்டின் நடுவில்தான் நுழைகிறது என்றாலும் ஃபைல் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஓட வேண்டும். ஒருவர் 44.1-இல் வேலை செய்து, மாற்றாமல் அப்படியே 48-இல் ஏற்றப்பட்டால் சுருதி ஏறிவிடும், அரைக்கட்டைக்கும் மேல். மென்பொருள் பெரும்பாலும் தானாக மாற்றிக்கொள்ளும், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொன்று, உறுமிக் குழு மெட்ரோனோம் (ஒரே வேகத்தில் தாளம் தட்டும் கருவி) போட்டு வாசிக்காது, வாசிக்கவும் கூடாது, அந்த வேகம் ஏறுவதில்தான் எல்லாமே இருக்கிறது. அப்படியென்றால் முதலில் குழுவைப் பதிவு செய்யுங்கள், அதன் மேல் ஆர்மோனியம், அதன் மேல் குரல். தாளத்தை அண்ணன் கேட்டுக்கொண்டு வாசிப்பார். முன்னால் ஒருவர் கையைத் தட்டி நாலு எண்ணிவிட்டுத் தொடங்கட்டும், அந்தத் தட்டு எல்லா மைக்கிலும் விழும், பின்னால் டிராக்குகளைச் சேர்க்க வசதி.

உறுமிக்கு விலை உயர்ந்த கன்டென்சர் மைக், அதாவது நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் வகை, தேவையில்லை. பக்கத்தில் வைத்தால் அந்தச் சத்தத்தில் மலிவான கன்டென்சர் பிதுங்கிவிடும். உங்களிடம் உள்ள எஸ்எம்58 அல்லது எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கே சரி, கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி) நன்றாக இறக்கி, உச்சத்தில் அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். பயிற்சியில் மெதுவாக அடித்துக் காட்டுவார்கள், ரெக்கார்ட் என்றதும் இரண்டு மடங்கு அடிப்பார்கள், அதற்கும் இடம் விடுங்கள்.


செந்தூல்காரன்:

ரொம்ப நன்றி. இப்போது ஒரு தெளிவு வந்திருக்கிறது. கம்ப்யூட்டரை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். எட்டு மைக் இன்டர்ஃபேஸ், கேபிள், இரவலாக இன்னும் சில மைக், பழைய லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு ரீப்பர். குழுவைப் பதிவு செய்து பார்த்துவிட்டு, மிக்ஸிங்கில் லேப்டாப் திணறினால் மிச்சக் காசுக்கு திங்க்பேட் மாதிரி ஒன்று. மேக் நண்பரிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.


பிஜே_மிக்ஸிங்:

அவரிடம் மேக்புக் ஏர் இருந்தால் குரல் பதிவு அன்று இரவல் கேளுங்கள். ரீப்பர் அதிலும் ஓடும்.


சுருதி_அக்கா:

இரவல் மைக் வாங்கும்போது அதில் கன்டென்சர் இருந்தால் 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும், நினைவிருக்கட்டும், சத்தமே வராமல் எல்லோரும் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பாடி முடித்ததும் மைக்கை சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வையுங்கள், நம் ஊர் ஈரத்தில் கன்டென்சர் சீக்கிரம் கரகரக்க ஆரம்பித்துவிடும். குரல் எடுக்கும் நாளில் ஆறிய வெந்நீர் மட்டும் குடியுங்கள், ஐஸ் மைலோ வேண்டாம்.